ஊருக்குச் சுரங்கம் வரும் என்று கேள்விப்பட்டால்: கூகுள் எர்த் ப்ரோ, ஒரு மதிப்புரை

கூகுள் எர்த்தைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் தேடுவது சொந்த வீட்டு மொட்டை மாடியைத்தான். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் எழுதப்போவது வேறு ஒரு தேவைக்காக. உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சுரங்கம் வரப்போகிறது, வேலை வரும் வருமானம் வரும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், தண்ணீர் போய்விடும் நிலம் போய்விடும் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள், உங்கள் கையிலோ ஹெக்டேர் கணக்கில் நாலு எண்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றால், அந்த எண்களைத் தரையில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டன் என்ற உலோகத்துக்கான சுரங்க விவகாரத்தை வைத்தே சொல்கிறேன். நான் இதை ஒழுங்காகப் பழகியதே அந்தச் சமயத்தில்தான்.

முதலில், எதை நிறுவுவது? போனில் ஆப் இருக்கிறது, பிரவுசரில் திறக்கும் பதிப்பு இருக்கிறது, கணினியில் நிறுவும் ப்ரோ இருக்கிறது. இந்த வேலைக்கு ப்ரோதான் சரி. முன்பு வருடத்துக்கு 399 டாலர் கட்ட வேண்டியிருந்ததை 2015 ஜனவரியில் இலவசமாக்கிவிட்டார்கள். அளவுகோல், பலகோணம் வரைவது, பழைய படங்களுக்குப் போகும் கடிகாரப் பட்டன், மேடு பள்ளத்தைக் கோடாகக் காட்டும் வசதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பழைய லேப்டாப் போதும், ஆனால் இணையம் வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 7 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்குக்கான ஏல முடிவை அறிவித்தது. எடுத்தது வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க். பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி, அ.வல்லாளப்பட்டி என்று பேர்கள் ஒவ்வொன்றாகச் செய்தியில் வர வர, எங்கள் பக்கம் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: அது எவ்வளவு பெரிசு? ஏக்கரில் சொன்னால் 4,980 சொச்சம். அப்போதும் பிடிபடவில்லை. ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஐயாயிரம் ஏக்கர் என்பது வெறும் சத்தம்தான்.

இந்த இடத்தில் மென்பொருள் உடனே கைகொடுக்கிறது. அளவுகோல் ஜன்னலைத் திறந்து, பலகோணம் என்ற பிரிவுக்குப் போய், அலகை ஹெக்டேர் என்று மாற்றிவிட்டு, ஊரைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே வாருங்கள். எண் ஏறிக்கொண்டே போகும். என் ஊரின் குடியிருப்புப் பகுதி முழுவதையும், கோயில், பள்ளிக்கூடம், களம், மந்தை எல்லாம் சேர்த்து வளைத்தும் அந்த எண் இருபதைத் தொடவில்லை. அப்புறம் 2,015 வரும்வரை வளையத்தை விரித்துக்கொண்டே போனேன். ஒரு கண்மாய், இன்னொரு கண்மாய், அதற்கடுத்த ஊர், அந்த ஊரின் வயல், ஒரு மலை, மலைக்கு அந்தப் பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. அமைச்சகத்தின் எல்லைக் கோட்டை அப்படியே வரைந்தேன் என்று சொல்லவில்லை, பரப்பைப் புரிந்துகொள்வதற்கு வரைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த எண்ணை எங்கே படித்தாலும் எனக்குக் கண்முன் ஒரு நிலம் தெரிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதை நிறுவலாம்.

வட்டம் போடும் வசதியும் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் சுரங்கத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை ஆய்வுப் பகுதியாக எடுத்துக்கொள்வது வழக்கம். அரிட்டாபட்டியை மையமாக வைத்துப் பத்து கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் கிழக்கே மேலூர் டவுனும் மேற்கே அழகர்கோயிலும் உள்ளே வந்துவிடுகின்றன. சுமார் 314 சதுர கிலோமீட்டர். 'அது அரிட்டாபட்டிக்காரங்க பிரச்சினை' என்று சொன்ன மேலூர்க் கடைக்காரர்களிடம் இந்த வட்டத்தைக் காட்டுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல பதில்.

சரி, இனி என் மனதில் ஆழமாக நின்ற விஷயம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல். ஏழு மலைகள், சின்னதும் பெரியதுமாக 72 நீர்நிலைகள், 200 ஊற்றுச் சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள், அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு, சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டுகள், பாண்டியர் காலக் குடைவரை என்று அரசுக் குறிப்பிலேயே பட்டியல் இருக்கிறது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒன்றிய அரசுத் தரப்பில் சொன்னது என்னவென்றால், அந்தத் தலம் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பது. கணக்குப் போட்டால் சரிதான், 9.6 சதவீதம் வருகிறது. அதை மட்டும் விலக்கிவிட்டு எல்லையைத் திருத்த முடியுமா என்று பார்க்கும்படி 2024 டிசம்பர் 24 அன்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார்கள். படித்ததும் எனக்கும் நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றியது. பத்துப் பங்கை விட்டுவிட்டுத் தொண்ணூறில் தோண்டினால் பறவையும் இருக்கும் உலோகமும் கிடைக்குமே!

ப்ரோவில் ஒரு பாதை வரைந்து அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் உயர வரைபடம் வரும். மலையுச்சியில் ஆரம்பித்து அடிவாரம், கண்மாய், வயல், அடுத்த கண்மாய் என்று ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மலையில் செங்குத்தாக இறங்குகிற கோடு, அடிவாரத்தைத் தாண்டியதும் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவில்தான் தண்ணீர் போகிறது. மழை விழுவது பாறையில், தேங்குவது கீழே, நெல் விளைவது அதற்கும் கீழே. மலையை மட்டும் காப்பாற்றிவிட்டு அடிவாரத்தில் குழி வெட்டினால் தண்ணீர் முதலில் குழிக்குப் போகும். அடிவாரத்தைக் காப்பாற்றிவிட்டு அதற்குக் கீழே வெட்டினால், குழியை உலர்வாக வைத்திருக்க அவர்கள் பம்ப் போட்டே ஆக வேண்டும், சுற்றியுள்ள கிணறுகள் அதற்குப் பதில் சொல்லும். 193 ஹெக்டேரைக் கத்தரித்துத் தனியே எடுக்க முடியும் என்பது தாளில் மட்டும்தான் உண்மை. இதைச் சொல்ல எனக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. சரிவைப் பார்த்தாலே தெரிகிறது.

இதை ஒரு டீக்கடையில் லேப்டாப்பில் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். கண்மாய்க் கரையின் தென்கோடியிலிருந்து கிளம்பும் மெல்லிய பச்சைக் கோடு ஒன்றை நான் ஓடை என்று சொல்லியிருந்தேன். "தம்பி, அது ஓடை இல்ல, மறுகால். நம்ம கம்மா நெறஞ்சா கலுங்கு வழியா இதுலதான் போயி அடுத்த கம்மாயில விழும். இத அடச்சுட்டா கீழ நாலு ஊருக்குத் தண்ணி இல்ல" என்றார். சொல்லிவிட்டு விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, எந்தக் கண்மாய்க்கு அடுத்தது எந்தக் கண்மாய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். படத்தில் பெரும்பாலான கண்மாய்களுக்குப் பேரே கிடையாது. அவர் சொன்னதைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் குறி வைத்துப் பேர் போட்டோம். எந்த அறிக்கையிலும் கிடைக்காத ஒரு வரைபடம் இப்படித்தான் கிடைத்தது. நீங்களும் தனியாக உட்கார்ந்து வரையாதீர்கள். ஊரில் நீர் பாய்ச்சுகிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையுங்கள்.

அடுத்தது கடிகாரப் பட்டன். அழுத்தினால் மேலே ஒரு பட்டை வரும், அதைப் பின்னால் இழுத்தால் பழைய படங்கள். நான் முதலில் போனது கீழவளவு. மேலூருக்குப் பக்கத்திலேயே, கிரானைட் வெட்டிய இடங்கள். மேலே இருந்து பார்த்தால் இயற்கையாக உண்டானது எது, வெட்டியது எது என்று குழப்பமே வராது. வெட்டியதெல்லாம் நேர்க்கோடு, சதுரம், படிக்கட்டு. உள்ளே கரும்பச்சையாகத் தண்ணீர். 2012-ல் கலெக்டராக இருந்த சகாயம் அறிக்கை அனுப்பி, குவாரிகள் நின்று, அப்புறம் உயர் நீதிமன்றம் அவர் தலைமையிலேயே குழு போட்டு, எல்லாம் நடந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடப் படமாக முன்னால் நகர்த்திப் பாருங்கள், அந்தக் குழிகள் அப்படியே இருக்கின்றன. மேலூர்க்காரர்களுக்கு 'வேலைவாய்ப்பு வரும்' என்ற வார்த்தை புதிது கிடையாது. கிரானைட்டிலும் வேலை வந்தது, லாரி ஓடியது, சிலர் கையில் காசு புரண்டது. வேலை போய்விட்டது, குழி இருக்கிறது. டங்ஸ்டன் அறிவிப்பு வந்த உடனே இத்தனை ஊர்கள் ஒரே குரலில் எழுந்து நின்றதற்கு என்ன காரணம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நான் கீழவளவுப் படங்களைத்தான் காட்டுவேன்.

ஒரு பக்கமாகவே பார்க்கக் கூடாது என்பதால் நெய்வேலிக்கும் போனேன். நீங்களும் போக வேண்டும். 1984-லிருந்து தொடங்கும் டைம்லாப்ஸ், பிரவுசர் பதிப்பில் இருக்கிறது. அதில் நெய்வேலியை ஓடவிட்டால் சுரங்கம் நகர்வது தெரியும். முன்னால் வெட்டிக்கொண்டே போகிறார்கள், பின்னால் மண் கொட்டி மூடிக்கொண்டே வருகிறார்கள். நகரியம் வரிசை வரிசையாக மரங்களோடு இருக்கிறது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனல் மின் நிலையங்கள் எல்லாம் தெரியும். 1956-ல் ஆரம்பித்த என்எல்சி நிறுவனம் கொடுத்த மின்சாரத்தில்தான் தமிழ்நாட்டின் பாதித் தொழில் வளர்ந்தது என்று என் அப்பா தலைமுறை சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். அதே படத்தில் சுரங்க விளிம்பை ஒட்டியே வயல்கள் இருப்பதையும் பாருங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லில் எந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினால்தான் தோண்டவே முடியும். சுற்றியுள்ள ஊர்களில் போர்வெல் ஆழம் ஏறிக்கொண்டே போவதைப் பற்றி அங்கே யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். லாபம் மாநிலம் முழுதும் பரவுகிறது, இழப்பு சில ஊர்களில் குவிகிறது. மேலே இருந்து பார்க்கும்போது இந்த ஒன்று மற்ற எதையும்விடத் தெளிவாகத் தெரிகிறது.

டங்ஸ்டனுக்கே ஒரு உதாரணம் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பிளிமத் நகரத்துக்குப் பக்கத்தில், ஹெமர்டன் என்ற ஊரை ஒட்டிய டிரேக்லண்ட்ஸ் சுரங்கம். 2015-ல் திறந்தார்கள். ஆலையிலிருந்து வந்த தாழ்ந்த அதிர்வுச் சத்தம் பற்றி ஊர்க்காரர்கள் புகார் சொன்னார்கள். 2018-ல் நடத்திய நிறுவனம் நொடித்துப்போய் மூடிவிட்டது. மூன்றே வருடம்! பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றி வைத்தால், வயலும் வேலியுமாக இருந்த இடத்தில் ஒரு குழியும் அதற்குப் பக்கத்தில் குழியைவிடப் பெரிதாகப் பரந்த கழிவுத் தேக்கமும் தெரியும். டங்ஸ்டன் தாதுவில் உலோக ஆக்சைடு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். 0.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு டன் எடுக்க 500 டன் பாறையை உடைத்து அரைக்க வேண்டும். மிச்சம் 499 டன்னும் அங்கேயே எங்காவது கிடக்க வேண்டியதுதான். ஆகவே குழியை மட்டும் அளக்காதீர்கள், கழிவு எங்கே நிற்கும் என்று கேளுங்கள். சூழல் பாதிப்பு நிச்சயமில்லாதது, பொருளாதார லாபம் நிச்சயமானது என்கிற மாதிரிதான் எப்போதும் பேசுகிறார்கள். டெவனில் நடந்தது தலைகீழ். லாபம்தான் கணிப்பாக இருந்தது, குழி நிச்சயமாக வந்தது.

இனி, இந்த மென்பொருள் காட்டாதவை. இதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்தால் பாதித் தராசுதான் கையில் இருக்கும். நிலத்தடி நீர் தெரியாது, வெடி வைக்கும்போது வரும் தூசி தெரியாது, ஆடு மாடு மேய்ச்சலை நம்பியிருக்கும் குடும்பங்கள் தெரியாது. லாபத்தின் பக்கம் சுத்தமாகத் தெரியாது. அதை வெளியே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படித்ததைச் சொல்கிறேன். டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவையில்லாத பொருள் அல்ல. உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ், உலோகங்களில் எல்லாவற்றையும் விட அதிகம். நம் ஊர் போர்வெல் வண்டியின் துளைமுனையில் இருக்கும் கார்பைடு அதிலிருந்து வருவதுதான். உலக உற்பத்தியில் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு, சீனாவின் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். இந்தியா ஏறக்குறைய முழுக்க இறக்குமதியை நம்பியிருக்கிறது. 2023 சுரங்கச் சட்டத் திருத்தத்தில் 24 முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாம் என்று வந்ததில் இதுவும் ஒன்று. ஏலம் விடுவது டெல்லி என்றாலும் வருமானம் மாநிலத்துக்குத்தான் வரும். அதோடு ராயல்டியில் பத்து சதவீதத்துக்குச் சமமான தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போக வேண்டும், பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவழிக்க. இதெல்லாம் உண்மையான லாபங்கள்தான்.

ஆனால் என் கணக்கில் இவை மேலூருக்குப் போதவில்லை, ஏன் என்றும் சொல்கிறேன். இங்கே இருப்பது தரிசு நிலமில்லை. பெரியாறு தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி, அதோடு நூற்றுக்கணக்கான வருடமாகக் கண்மாயை வைத்து விவசாயம் செய்கிற பகுதி. அந்த ஏற்பாடு ஒவ்வொரு வருடமும் சோறு போடுகிறது, யாரும் ஏலம் எடுக்காமலேயே. இதன் மதிப்பை எந்த ஏல ஆவணமும் எழுதுவதில்லை, ஆகவே அது பூஜ்யம் என்றே கணக்கில் ஏறிவிடுகிறது. கனிமம் எங்கேயும் ஓடிவிடாது. கண்மாய்ச் சங்கிலி ஒருமுறை அறுந்தால் எத்தனை கோடி அறக்கட்டளைக்கு வந்தாலும் அதைத் திரும்பக் கட்ட முடியாது. கிராம சபைகள் தீர்மானம் போட்டதும், டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டதும், 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரை ஆயிரக்கணக்கில் நடந்து போனதும், ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானதும் சரியாகவே நடந்தன என்று நினைக்கிறேன். வேறு ஒரு ஊரில், வேறு ஒரு நிலத்தில், தராசு வேறு பக்கம் சாயலாம். அதை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சரிவையும் தங்கள் தண்ணீரையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மென்பொருளின் குறைகளுக்கு வருகிறேன். படங்கள் நேரலை இல்லை, கிராமப் பகுதிகளில் ஒரு வருடம் ரெண்டு வருடம் பழசாகக்கூட இருக்கும். கீழே ஓரத்தில் படம் எடுத்த தேதி இருக்கும், அதைப் பார்க்காமல் எதையும் சொல்லாதீர்கள். கோடையில் எடுத்த படத்தில் கண்மாய் வெறும் செம்மண் திட்டாகத் தெரியும், 'இங்கே தண்ணீரே இல்லையே' என்று யாராவது அதையே காட்டிவிடவும் முடியும். அதனால் தை மாதத்துப் படத்தையும் சித்திரை மாதத்துப் படத்தையும் ஜோடியாகச் சேமித்து வையுங்கள். உயரக் கணக்கு பெரும்பாலான இடங்களில் முப்பது மீட்டர் இடைவெளியில் எடுத்த தரவுதான், மலைச்சரிவுக்குப் போதும், கண்மாய்க் கரையின் உயரத்துக்கும் வாய்க்காலுக்கும் போதாது. 1980-களின் டைம்லாப்ஸ் படங்கள் மங்கல். பட்டா எல்லை, புல எண் எதுவும் இதில் வராது, அதற்கு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் புல வரைபடம் எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்துக்கு நான்கு தருவேன்.

வரைந்ததை எல்லாம் கேஎம்எல் கோப்பாகச் சேமித்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், வாங்குபவர் தன் போனிலேயே திறக்கலாம். எங்கள் பக்கம் கண்மாய்ப் பேர்கள் போட்ட கோப்பு அப்படித்தான் சுற்றியது. பொதுவாகச் சுரங்கத்துக்கு முப்பது நாள் அவகாசம் கொடுத்துக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. கூட்டத்தில் பேச நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும், 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பதிவேட்டில் ஒரு வரி, ரெண்டு படத்தோடு 'இந்த மறுகால் உங்கள் அறிக்கையில் எங்கே?' என்று கேட்டால் அதற்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். ஆனால் 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று ஒரு குறிப்பாணை போட்டுவிட்டது, டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு முதல்வர் கடிதம் எழுதினார். ஆகவே கூட்டம் அறிவிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரின் கண்மாய்கள், ஊருணிகள், மறுகால்கள், மேய்ச்சல் நிலங்கள் எல்லாவற்றுக்கும் பேர் போட்டு ஒரு கோப்பை இப்போதே செய்து, அடுத்த கிராம சபையில் தீர்மானத்தோடு இணைப்பாகக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.